பாதிக் கன்னத்தில் நின்ற கத்தி

பாலக்காட்டுச் சித்தூரில் சம்பந்தி வீட்டுப் பின்வாசல். பலாமரத்து நிழலில் ஒரு மர நாற்காலி. கழுத்துவரை துண்டு போர்த்தி, முகமெல்லாம் சோப்பு நுரையோடு அதில் சுகுமாரேட்டன் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில், கையில் கத்தியோடு நான்.

சுகுமாரேட்டன் என் மகனுக்குப் பெண் கொடுத்தவர். முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டியவர். இரண்டு மாதத்துக்கு முன் பக்கவாதம் வந்து, வலது கையும் வலது கன்னமும் தளர்ந்துவிட்டன. பேச்சு திரும்பி வந்தது. ஆனால் ஒன்றிரண்டு சொல்லாகத்தான் வந்தது, அதுவும் மலையாளத்தில் மட்டும்.

தாடியைக் கத்தரிக்கோலால் குறைத்தாயிற்று. புது பிளேடு போட்டாயிற்று. இடது காதோரம் கத்தியை வைத்து இரண்டு இழுப்பு இழுத்தேன். அவர் முகம் சுருங்கியது.

"வலிக்குதுங்களா?" என்று கேட்டேன்.

"வலிக்குன்னுண்டு" என்றார்.

அழுத்தத்தைக் குறைத்தேன். கத்தியைத் தோலோடு தோலாகப் படுக்கவைத்து இன்னும் இரண்டு இழுப்பு.

"இப்பங்க?"

"வலிக்குன்னுண்டு." இந்தத் தடவை சத்தம் கூடியிருந்தது.

இறகால் தடவுவதுபோலத் தடவினேன். அவர் இடது கையால் என் மணிக்கட்டைத் தள்ளிவிட்டார். "மதி" என்றார். போதும் என்று அர்த்தம். எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஒரு கன்னத்தில் பாதி வழித்தும் பாதி வழிக்காமலும் இருந்தது. நுரையைக்கூடத் துடைக்கவில்லை.

பேத்திக்குப் பெயர் வைக்க அன்றைக்குச் சரியாகப் பத்து நாள் இருந்தது.

காதில் சொல்லும் பெயர்

கேரள எல்லையோரம் வேலந்தாவளம் பக்கத்து ஆட்களான நாங்கள் பெயர் வைப்பதைப் பொங்கலும் விருந்துமாக முடித்துவிடுவோம். சம்பந்தி வீட்டு வழக்கம் வேறு. பிறந்த இருபத்தெட்டாம் நாள் குழந்தையின் இடுப்பில் கறுப்புக் கயிறு கட்டுவார்கள். ஒரு காதை வெற்றிலையால் மூடி, மறு காதில் மூன்று தடவை பெயரைச் சொல்வார்கள். விசேஷத்துக்குப் பெயரே 'இருபத்தெட்டு'தான்.

என் மருமகள் சௌம்யா பிரசவத்துக்கு வந்து அங்கேதான் இருந்தாள். "அச்சன்தான் பேர் சொல்லணும் மாமா. வேற ஆரு சொன்னாலும் வேண்டாம்" என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

அச்சனோ ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் அறையை விட்டுக் குளிக்க மட்டும்தான் வெளியே வந்திருக்கிறார். விசேஷத்துக்கு ஐம்பது பேராவது வருவார்கள். கோணிய வாயையும் இரண்டு மாதத்து நரைத்த தாடியையும் அவர்கள் முன்னால் கொண்டுபோய் நிறுத்த மாட்டேன் என்று தலையை ஆட்டிவிட்டார். தன் மச்சினன், சௌம்யாவின் தாய்மாமன், சொல்லட்டும் என்று சைகை காட்டினாராம்.

கல்யாணத்தின்போது அவர் என்னிடம் சொன்னது ஒன்று நினைவிருக்கிறது. இரண்டு வீட்டுக்கும் விருப்பமில்லாமல் பிள்ளைகள் செய்துகொண்ட கல்யாணம் அது. நாங்கள் இருவரும் அதுவரை பேசிய பேச்சை ஒரு பஸ் டிக்கெட்டின் பின்பக்கத்தில் எழுதிவிடலாம். அன்றைக்கு நான் அவருடைய மழமழவென்ற கன்னத்தைப் பார்த்து, தினமும் சவரமா என்று கேட்டுவைத்தேன். "பஸ்ஸுக்குள்ள ஒரு கண்ணாடி இருக்கில்லே? அதுல எல்லாரும் டிரைவர் மொகத்தத்தான் பாத்துட்டு வரும். தாடி வெச்ச டிரைவர் ஒறங்கப்போறான்னு நெனைக்கும்" என்றார், தன்னுடைய பாலக்காட்டுத் தமிழில்.

அப்படிப்பட்டவர், என் மகன் கோயமுத்தூரிலிருந்து வாங்கிவந்த சவர மெஷினைக் காதருகே இரைகிறது என்று தட்டிவிட்டார். முடி வெட்டுகிறவரை வீட்டுக்கு அழைத்தபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். போதாததற்கு, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார். சின்னக் கீறல் விழுந்தாலும் நிற்க நேரமாகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

பேத்தியைப் பார்க்க நான் போயிருந்த ஒரு நாள், அறை வாசலில் நின்று தலையை நீட்டினேன். அவர் மழித்த என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆரு செய்தது?"

"நானேதானுங்க."

"கத்தி?"

"கத்திதானுங்க."

தன் கன்னத்தில் ஒரு விரலை வைத்துக் காட்டினார். அவ்வளவுதான். அப்படித்தான் அந்த நாற்காலி பின்வாசலுக்கு வந்தது.

சேவல்கட்டும் பூசணிக்காயும்

நான் கத்தி பிடித்த கதையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொடரைப் படித்து வருகிறவர்களுக்கு என்னைத் தெரியும். பத்தாவது தாண்டாதவன். தென்னை, வாழை, நாலு மாடு. எதையாவது பார்த்தால் அது எப்படி நடக்கிறது என்று தெரியாமல் தூக்கம் வராது. யாராவது நல்ல பேச்சாக ஒன்று பேசினால் நோட்டில் எழுதிவைத்துக்கொள்வேன்.

எனக்குத் தாடைக்குக் கீழே முடி சுருண்டு தோலுக்குள்ளேயே முளைக்கும். சிவப்புச் சிவப்பாகக் கொப்புளம். வேலந்தாவளத்தில் முடி வெட்டும் கடை வைத்திருக்கும் தங்கவேல், என் வயதுக்காரர், ஒருநாள் தாடையைத் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "உங்குளுக்கு அடுக்கு பிளேடு ஆவாதுங்க. அது தோலுக்குள்ளாற போயி முடியை வெட்டிப்போடுது. அப்பறம் அது வெளிய வர வழி தெரியாம சுத்துது. ஒத்தை பிளேடுக்கு வந்துருங்க."

அவர் கடையில் வைத்திருப்பதுபோலவே ஒரு கத்தி வாங்கிக்கொண்டேன். பார்வைக்குப் பழைய மடக்குக் கத்திதான். ஆனால் சாணை பிடிக்க வேண்டாம், வாரில் தீட்ட வேண்டாம். ஒரு பிளேடைக் காகிதத்தோடு நடுவில் ஒடித்து, பாதியைச் சொருகிக்கொள்ள வேண்டும். அடுத்த தடவை புதுப் பாதி.

முதல் வாரம் என் முகத்தைப் பார்த்த என் சம்சாரம் சரசு கேட்டாள்: "ஏனுங்க, சவரம் பண்ணுனீங்களா, சேவக்கட்டுக்குப் போய்ட்டு வந்தீங்களா?"

தங்கவேலிடம் போய் நின்றேன். ஒரு வாரத்துக்கு ஒரு பாடம் என்றெல்லாம் இல்லை. போகிறபோது வருகிறபோது ஒரு சொல் எறிவார். "பேனாவாட்டப் புடிங்க, எழுதும். அருவாளாட்டப் புடிச்சா கொத்தும்." இன்னொரு நாள்: "கத்தி முதுகுக்கும் கன்னத்துக்கும் நடுவுல சுண்டுவெரலு போயி வரோணும். அதுக்கு மேல தூக்குனா கிழிக்கும், கீழ படுத்தா வழுக்கிட்டுப் போயிரும்." எல்லாம் நோட்டில் ஏறியது.

முடி எந்தப் பக்கம் சாய்ந்து முளைக்கிறது என்று விரலால் தடவிப் பார்க்கச் சொன்னதும் அவர்தான். அது எனக்கு உடனே பிடிபட்டது. வயலுக்கு ஒரு வாட்டம் இருக்கிற மாதிரிக் கன்னத்துக்கும் ஒரு வாட்டம். எனக்குக் கன்னத்தில் கீழ்முகமாகவும், கழுத்தில் மேல்முகமாகவும், இடது தாடைக்கு அடியில் கிணற்றுச் சுழி மாதிரி வட்டமாகவும் முடி முளைக்கிறது. ஐம்பது வருஷத்துக்கு மேலாக என்னோடு இருக்கிற தாடை. அதில் ஒரு சுழி இருப்பது எனக்குத் தெரியாது!

கை பழக என்ன செய்வது? தோட்டத்தில் பூசணி காய்த்திருந்தது. பிஞ்சுப் பூசணியின் மேல் மெல்லிய சுணை இருக்கும், தொட்டால் அரிக்கும். நுரை தடவி, தோலில் கீறல் படாமல் சுணையை மட்டும் வழித்தெடுத்தேன். நாலு காய் பாழானது. ஐந்தாவது காய் கண்ணாடி மாதிரி வந்தது.

"அதுக்குப் பவுடரும் போட்டு உட்டுருங்க, பொண்ணு பாக்க வரட்டும்" என்றாள் சரசு.

ஆறு மாதத்தில் என் தாடையில் கொப்புளம் இல்லை. கத்தி சரியாகப் போகும்போது அதற்கென்று ஒரு சத்தம் உண்டு, காய்ந்த வாழைச்சருகைக் கிழிப்பதுபோலச் சின்னதாக. அந்தச் சத்தம் வந்தால் பார்க்கவே வேண்டாம். இவ்வளவும் தெரிந்தவன்தான் சம்பந்தி கன்னத்தில் பாதியில் நின்றேன்.

வாரச்சந்தையில்

அந்த வாரம் மாட்டுச்சந்தையில் ஒரு பங்காளி பிடித்துக்கொண்டான். "ஏனப்பா, சம்பந்தி ஊட்டுக்குப் போயி சவரம் பண்ணி உடறயாமா? நம்ம ஊட்டு ஆளுக பண்ற வேலையா அது?"

"போன மாசம் உன்ற எருமைக்குக் கன்னு மாறிக் கெடந்தப்ப கைய உள்ள உட்டு இழுத்தனே, அது நம்ம வேலையா?" என்றேன். அவன் மாட்டைப் பார்க்கப் போய்விட்டான்.

ஆனால் என் கவலை அதில்லை. நேராகத் தங்கவேல் கடைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன்.

"அமுத்துனீங்களா?"

"இல்லீங்க. எறகாட்டந்தான்."

"பிளேடு?"

"அப்பத்தான் ஒடிச்சுப் போட்டனுங்க."

"அப்பறம் எப்படீங்க வலிக்கும்?" தங்கவேல் சீப்பைத் தொடையில் தட்டிக்கொண்டே யோசித்தார். "நெரம்புக் கோளாறுக்குத் தொட்டாலே வலிக்குமோ என்னமோ. நீங்க உட்டுருங்க. மாத்திரை சாப்படற மனுசன்."

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் என் முகத்திலேயே இன்னும் லேசாக, இன்னும் படுக்கவைத்து இழுத்துப் பார்த்தேன். அப்படி இழுத்தால் முடி வெட்டுப்படவே இல்லை. கத்தி முடியைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தது. எனக்கே கண்ணில் தண்ணீர் வந்தது. ஏதோ ஒன்று இடித்தது, என்ன என்றுதான் பிடிபடவில்லை.

சௌம்யா சிரித்தாள்

வெள்ளிக்கிழமை சௌம்யா போன் செய்தாள். குரல் அடைத்திருந்தது. "மாமா, எங்க தாய்மாமன்தான் பேர் சொல்லுவாருன்னு அம்மா எல்லார்கிட்டயும் சொல்லிட்டாங்க. அச்சன் இனி வெளிய வராது. பாதி மொகத்தோட அப்படியே கெடக்குது."

"என்னாலதான் சாமி. வலி தாங்க முடியாம எந்திருச்சுப் போய்ட்டாரு."

"வலியா? அச்சன் கத்தியத்தான் குத்தம் சொல்லுது. கத்திக்கு மூர்ச்ச இல்லா, மூர்ச்ச இல்லான்னு."

கத்திக்கு எதற்கு மூர்ச்சை வரவேண்டும் என்று நான் ஒரு நிமிஷம் விழித்தேன். பிறகுதான் மலையாளத்தில் மூர்ச்ச என்றால் கூர்மை என்று உறைத்தது.

"புது பிளேடும்மா! வலிக்குது வலிக்குதுன்னாரு, நான் அமுத்தத்தக் கொறச்சுக் கொறச்சு..."

அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு வெடித்தது. குழந்தை விழித்து அழ ஆரம்பித்துவிட்டது.

"மாமா! வலிக்குன்னுண்டுன்னா பிளேடு முடியப் புடிச்சு இழுக்குதுன்னு அர்த்தம். கயிறு வலிக்கறது, பீடி வலிக்கறது, அந்த வலி! நோவுதுன்னா அச்சன் நோவுன்னுன்னு பறயும்."

சொன்னால் வெட்கக்கேடு. எல்லையில் பிறந்து வளர்ந்தவன் நான். பீடி வலிக்கிறவர்களோடு தோட்ட வேலை செய்தவன். வடம் வலித்துப் பார்த்தவன். எனக்கா அந்தச் சொல் தெரியாது? தெரியும். ஆனால் கேள்வியை நான் தமிழில் கேட்டேன், பதிலையும் தமிழாகவே காதில் வாங்கிக்கொண்டேன். கையில் கத்தி இருக்கும்போது காது சொந்த வீட்டுக்கு ஓடிவிடுகிறது.

அதைவிட வேடிக்கை ஒன்று. எங்கள் வீட்டில் யாரும் 'வலிக்குது' என்று சொல்வதே இல்லை. பல் நோவுது, கால் நோவுது, அவ்வளவுதான். சம்பந்தி ஆயிற்றே என்று மரியாதைக்காக டவுன் பேச்சில் 'வலிக்குதுங்களா' என்று கேட்டேன். வீட்டுப் பேச்சில் 'நோவுதுங்களா' என்று கேட்டிருந்தால் அவருக்கும் அதே சொல், அதே அர்த்தம். பாதி முகத்தோடு ஒரு மனிதரை அறைக்குள் அனுப்பியது என் மரியாதைதான்.

அன்றைக்கு நோட்டை எடுத்தேன். நோவு என்றால் கத்தி தோலைக் கடிக்கிறது, அழுத்தத்தைக் குறைக்க வேண்டும். இழுப்பு என்றால் அது வேறு சங்கதி. முடி நன்றாக ஊறவில்லை, தோல் தொளதொளவென்று கிடக்கிறது, கத்தி அளவுக்கு மேல் படுத்திருக்கிறது. நோவுக்குச் செய்வதை இழுப்புக்குச் செய்தால் இன்னும் இழுக்கும். நான் அன்றைக்குச் செய்தது அத்தனையும் தலைகீழ்.

இருபத்தெட்டாம் நாள் காலை

பத்தே காலுக்குள் பெயர் சொல்ல வேண்டும். நான் ஏழு மணிக்கே சித்தூரில் இறங்கிவிட்டேன். அறைக் கதவைத் தட்டி, வாசலிலேயே நின்று சொன்னேன்: "சுகுமாரேட்டா, அன்னிக்கு நீங்க இழுக்குதுன்னீங்க, நான் நோவுதுன்னு நெனச்சுப்போட்டனுங்க."

அவர் வாயின் இடது ஓரம் மட்டும் மேலே போனது. சிரிப்பு என்று எனக்குப் புரிய ஒரு கணம் ஆனது. எழுந்து வந்தார்.

இந்தத் தடவை அவசரப்படவில்லை. வெந்நீரில் துண்டை முக்கிப் பிழிந்து கன்னத்தில் போட்டேன். ஆறினதும் மறுபடி. மூன்று தடவை. நுரையைப் பிரஷ்ஷால் முடியின் வேர்வரை ஏற்றினேன். இடது கை விரல்களால் காதோரத் தோலை மேலே இழுத்துப் பிடித்தேன். கத்தியின் முதுகைச் சுண்டுவிரல் நுழைகிற அளவுக்குத் தூக்கினேன்.

"வலிக்குன்னுண்டோ?" இப்போது அவருடைய சொல்லில் கேட்டேன்.

"இல்லா."

"நோவுதுங்களா?"

"இல்லா." கண்ணை மூடிக்கொண்டார்.

இடது கன்னம் பத்து நிமிஷத்தில் முடிந்தது. வலது கன்னத்துக்கு வந்தேன். நோவுதா என்று கேட்டேன்.

"அறியில்லா" என்றார். தெரியவில்லை.

கத்தியை எடுத்துவிட்டேன். அந்தப் பக்கம் உணர்ச்சியே இல்லை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒருவேளை அவரே யாரிடமும் சொல்லவில்லை. கிழித்தாலும் அவருக்குத் தெரியாது. இரண்டு மொழியிலும் கேட்டுப் பிரயோஜனமில்லை.

"இது வேண்டாமுங்க. ஒரு பக்கம் துண்டப் போத்திக்கலாம்" என்றேன்.

அவர் தன் இடது காதைத் தொட்டுக் காட்டினார். "கேக்காம்." கேட்கிறது என்கிறார். பிறகு இடது கையைக் கொண்டுவந்து என் மணிக்கட்டின் மேல் லேசாக வைத்துக்கொண்டார்.

அப்படித்தான் செய்தோம். தளர்ந்த தோலை நான் விரித்துப் பிடிக்க, அரை விரல்கடை தூரம் ஒரு இழுப்பு. சருகு கிழிகிற சத்தம் வந்தால் அவர் விரல் அசையாது. கத்தி முடியைப் பிடித்தால், எனக்குத் தெரிவதற்கு முன் அவர் விரல் என் மணிக்கட்டை அழுத்தும். முப்பது வருஷம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கியர் மாற்றிய காது அது. நான் நிறுத்தி, நுரையை ஈரமாக்கி, மறுபடி வைப்பேன்.

உதட்டோரம், வாய் கோணுகிற இடத்தில் ஒரு கீறல் விழுந்தது. கடுகளவுதான். ஆனால் ரத்தம் நிற்கவில்லை. படிகாரத்தை நனைத்து வைத்து அழுத்தினேன். எடுத்தால் மறுபடி ஒரு சொட்டு. உள்ளே உருளி நகரும் சத்தம், ஆட்கள் வந்து செருப்புக் கழற்றும் சத்தம். "நேரமாச்சு" என்று சம்பந்தியம்மா எட்டிப் பார்த்துவிட்டு, என் விரலில் ரத்தத்தைக் கண்டு வாயைப் பொத்திக்கொண்டார்.

"சாரமில்லா" என்றார் சுகுமாரேட்டன். பரவாயில்லை என்று. வெட்டுப்பட்டவர் எனக்குச் சமாதானம் சொல்கிறார். படிகாரத்தை என் கையிலிருந்து வாங்கித் தானே அழுத்திப் பிடித்துக்கொண்டார். பத்து மணியாக ஐந்து நிமிஷம் இருக்கும்போது ரத்தம் நின்றது.

"கண்ணாடி" என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததற்குப் பிறகு அவர் கண்ணாடி கேட்டது அதுதான் முதல் தடவையாம். பின்னால் சௌம்யா சொன்னாள். கொண்டுவந்து பிடித்தேன். வாய் கோணித்தான் இருந்தது. அதைச் சவரம் சரியாக்கவில்லை. நேராக, வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியை என்னிடம் நீட்டிவிட்டு, சட்டை எங்கே என்று கேட்டார்.

கூடத்தில் ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். அவர் யாரையும் பார்க்காமல் போய்ப் பலகையில் உட்கார்ந்தார். சௌம்யா குழந்தையை அவர் மடியில் வைத்து, தானும் பிடித்துக்கொண்டாள். ஒரு காதை வெற்றிலையால் மூடினார்கள்.

அவர் குனிந்தார். வலது கன்னம் குழந்தையின் கன்னத்தில் பட்டது. சட்டென்று நிமிர்ந்தார். எல்லோரும் பயந்துபோனோம். முடியவில்லையோ என்று மச்சினன் ஒரு எட்டு முன்னால் வைத்தார். சுகுமாரேட்டன் கையைக் காட்டி அவரை நிறுத்தினார். உடம்பைச் சிரமப்பட்டுத் திருப்பி, தலையை மறுபக்கம் சாய்த்து, உணர்ச்சி இருக்கிற இடது கன்னம் குழந்தையின் கன்னத்தில் படும்படி மறுபடி குனிந்தார். அப்படியே இருந்தார்.

நாங்கள் காத்திருந்தோம். உதடு அசையவில்லை.

"அச்சா," என்று சௌம்யா மெதுவாகச் சொன்னாள், "பேரு."

"பறயாம்" என்றார், கன்னத்தை எடுக்காமல். "ஒரு மினிட்டு."